அமெரிக்காவில் கார் சாவி வேண்டாம், சொந்த நம்பர் வேண்டும்

பங்குனி பிறந்தால் எங்கள் பூங்காவில் காலை நடைக்கு வரும் கூட்டம் குறையத் தொடங்கும். ஒருவர் டல்லாஸ், ஒருவர் நியூ ஜெர்சி, இன்னொருவர் சான் ஹோசே என்று பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சந்தேகங்கள் ஆரம்பித்துவிடும். ஊறுகாயைப் பெட்டியில் வைக்கலாமா, மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டுமா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். அடுத்தபடியாக ஆண்கள் எல்லோரும் கேட்பது இது: "நம்ம லைசென்ஸை வெச்சுக்கிட்டு அங்கே கார் ஓட்டலாமா சார்?" நான் திருப்பி, "போனுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டால், "அதெல்லாம் பையன் பாத்துப்பான்" என்று பதில் வரும்.

இது தலைகீழ் என்பது என் கட்சி. காரைத்தான் பிள்ளைகளிடம் விட வேண்டும். போனை யாரிடமும் விடக் கூடாது. மகள் வீட்டில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவன் என்ற உரிமையில் இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

முதலில் காரைப் பார்ப்போம்.

சட்டப்படி ஓட்டலாமா என்றால், பெரும்பாலும் ஓட்டலாம். அமெரிக்காவில் இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிபோர்னியாவில், சுற்றிப் பார்க்க வந்தவர் 18 வயது கடந்தவராக இருந்து, சொந்த நாட்டு லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருந்தால், அதை வைத்தே ஓட்டலாம். சில மாநிலங்களிலும், வாடகைக் கார் தரும் இடங்கள் சிலவற்றிலும் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டும் கேட்பார்கள். அதை நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகமே தருகிறது. பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். அது மட்டும் இருந்தால் போதாது, அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். 55 வயதுக்கு மேல் புதுப்பிக்கும் லைசென்ஸ் 5 ஆண்டுதான் செல்லும் என்பதால், உங்களுடையது எப்போது முடிகிறது என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: பல வருடத்துக்குச் செல்லும் இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று சொல்லி, டாலரில் காசு வாங்கிக்கொண்டு பளபளப்பான அட்டை அனுப்புகிறவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். அந்த அட்டைக்கு எந்த அரசாங்கமும் பொறுப்பில்லை.

ஆக, காகிதத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் நம் கையிலும் காலிலும் இருக்கிறது. நாற்பது வருடம் சாலையின் இடது பக்கம் ஓட்டிப் பழகிய உடம்பு இது. அங்கே வலது பக்கம். ஸ்டீயரிங் இடது கைப் பக்கம். இங்கே இடது புறம் திரும்புவது சுலபம், வலது புறம் திரும்பும்போதுதான் எதிர்வண்டியைப் பார்க்க வேண்டும். அங்கே அது அப்படியே மாறிப்போகும். கூட்டமான சாலையில் தப்பு நடக்காது, முன்னால் போகிற வண்டியைப் பார்த்துப் பின்னாலேயே போய்விடலாம். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, விடியற்காலை ஆளில்லாத தெருவில், கை தன் பழைய பக்கத்துக்குத்தான் போகும். எதிரே வண்டி வந்த பிறகுதான் புத்திக்கு உறைக்கும்.

பக்கம் மாறுவதையாவது ஒரு வாரத்தில் பழகிவிடலாம். மற்ற பழக்கங்களை என்ன செய்வது? எண்கோணச் சிவப்புப் பலகையில் ஸ்டாப் என்று இருந்தால், சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் அபராதம். நான்கு பக்கமும் ஸ்டாப் இருக்கும் சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவர் ஒரே சமயத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு முதல் உரிமை. இங்கே அப்படியொரு சந்திப்பில் எந்த வண்டி பெரிதோ அதற்குத்தானே முதல் உரிமை! சிவப்பு விளக்கு எரியும்போதும், முழுசாக நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பலாம். திரும்பக் கூடாது என்று பலகை இருந்தால் கூடாது. நியூயார்க் நகரத்துக்குள் போனாலோ, அனுமதிக்கும் பலகை இருந்தால் ஒழிய, எங்குமே திரும்பக் கூடாது.

மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டி, பக்கவாட்டில் ஸ்டாப் பலகையை நீட்டினால், பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். நடுவே தடுப்பு வைத்துப் பிரித்த சாலையில் மட்டும், பெரும்பாலான மாநிலங்களில், எதிர்ப்பக்கம் வருகிறவருக்கு விலக்கு உண்டு. பள்ளிக் குழந்தைகள் இறங்கும் இடம் அது. அபராதமும் கடுமையாக இருக்கும். இதைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பயனில்லை.

போலீஸ்காரர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் போலீஸ் நிறுத்தினால், வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பேப்பரை எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்து போவது மரியாதை. அங்கே அது ஆபத்து. பின்னால் விளக்குச் சுழலும் வண்டி வந்தால் வலது ஓரமாக நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் தெரிகிறபடி வைத்திருக்க வேண்டும். அவர் வந்து கேட்கும்வரை டேஷ்போர்டு பெட்டியைத் திறக்கக் கூடாது. நல்ல எண்ணத்தோடு கீழே இறங்கும் ஒரு பெரியவரை அந்த அதிகாரி எப்படிப் புரிந்துகொள்வார் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

அடுத்தது பணம். மகன் காரை நீங்கள் ஓட்டி ஒரு விபத்து நடந்தால், அவன் இன்சூரன்ஸ் உங்களையும் ஏற்கிறதா? கேட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளியின் பெயரைத் தனியாகச் சேர்க்கச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் ஓட்டுநராகப் பெயர் எழுதியவர் மட்டுமே தொட வேண்டும். அங்கே ஒரு ஆம்புலன்ஸ் பயணம், ஒரு எக்ஸ்ரே, இரண்டு நாள் ஆஸ்பத்திரி என்றால் நம் ஓய்வூதியத்தை வருடக் கணக்கில் சேர்த்தாலும் காணாது. அடிபட்டவர் வழக்குப் போட்டால் அதில் மகன் பெயரும் வரலாம். நீங்கள் ஆறு மாதத்தில் விமானம் ஏறிவிடுவீர்கள். அவன் அங்கேயே வேலை பார்த்து, வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியவன்.

எல்லா நாட்டுக்கும் இதையே சொல்லவில்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நம்மைப் போலவே இடது பக்கம்தான். கண்ணும் காதும் நன்றாக இருந்து, அந்த ஊர் டிரைவிங் ஸ்கூலில் நாலு பாடம் எடுத்துக்கொண்டு, இன்சூரன்ஸையும் சரிபார்த்துவிட்டு ஓட்டுகிறவரை நான் தடுக்க மாட்டேன். ஓட்டியே தீருவேன் என்கிறவர் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கலிபோர்னியா, நியூயார்க் உட்படப் பல மாநிலங்களில் ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பதே குற்றம். இங்கிலாந்தில் அதற்கு 200 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 புள்ளியும். போனை ஸ்டாண்டில் மாட்டி, வழியைக் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். கூகுள் மேப்பில் அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் போனாலும் வழி போகாது.

இதற்கு நண்பர்கள் சொல்லும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். "காலைல எட்டு மணிக்குப் பையனும் மருமகளும் போயிடறாங்க. பேரன் ஸ்கூலுக்குப் போயிடறான். சாயந்திரம் வரைக்கும் நாலு சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அது தங்கக் கூண்டு சார். கார் இருந்தா கோயிலுக்காவது போகலாம்." இந்தக் குறையில் பொய்யே இல்லை. நானும் அந்த நாலு சுவரைப் பார்த்தவன்தான். தெருமுனையில் டீக்கடை இல்லாத, நடந்து போனால் கடை வராத ஊர்கள் அவை. கூண்டு என்பது நிஜம். ஆனால் அதைத் திறப்பது கார் சாவி என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தச் சாவி, இணைப்பு உள்ள ஒரு போன். அது இருந்தால் ஊபர், லிஃப்ட் கூப்பிட்டுக் கோயிலுக்கும் நூலகத்துக்கும் போகலாம். வண்டி எங்கே வருகிறது என்று நீங்களும் பார்க்கலாம், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மகளும் பார்க்கலாம். பேருந்து எத்தனை மணிக்கு, எந்த நிறுத்தம் என்பதையெல்லாம் கூகுள் மேப் காட்டும். பல ஊர்களில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பேருந்தில் பாதிக் கட்டணம். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் போதுமா, தனி அட்டை வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளலாம். ஓட்டவும் வேண்டாம், யார் கையையும் எதிர்பார்க்கவும் வேண்டாம். வேறென்ன சுதந்திரம் வேண்டும் நமக்கு?

ஆனால் நம்மவர்கள் கையில் இருப்பது எப்படிப்பட்ட போன்? ஊரிலிருந்து கொண்டுபோன போன், அதில் வீட்டு வைஃபை. "எதுக்குப்பா தனி சிம்? வீட்லதானே இருக்கீங்க. வைஃபை இருக்கே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். நாமும் அவர்களுக்கு எதற்குச் செலவு என்று சரி என்போம். வாசலைத் தாண்டி நாலு வீடு போனால் அந்த வைஃபை நின்றுவிடும். அதன்பிறகு கையில் இருப்பது நேரம் பார்க்கும் கருவிதான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 68 வயது. வீட்டில் எல்லோரும் போன பிறகு பக்கத்தில் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறார். அந்தக் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. அதே கராஜ் கதவு, அதே புல்வெளி. ஒரு திருப்பம் மாறிவிட்டது. போன் கையில் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, இணைப்பு இல்லை. வழி கேட்கத் தெருவில் ஆளும் இல்லை. கடைசியில் தபால் போட வந்தவரிடம் மகன் நம்பரைக் காட்டியிருக்கிறார். அவரும் தன் போனிலிருந்து கூப்பிட்டார். தெரியாத நம்பர் என்று மகன் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவைதான் எடுத்தான். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. கணவர் வீட்டில்தான் இருந்தார், மனைவி தோட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு!

அந்தக் கணவரும் அவர் மனைவியும் மட்டும் என்றால் விட்டுவிடலாம். நம் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கிறோம். ரோமிங் ஒரு போனுக்கு, அதுவும் ஐயா போனுக்கு. அம்மாவுக்கு "எங்கூடத்தானே இருக்கப் போறா" என்று ஒரு சமாதானம். எப்போதும் கூடவே இருக்கப் போகிறீர்களா? கோயிலில் கூட்டம் பிரிக்காதா? மாலில் கழிப்பறைக்குப் போனால் பிரிய மாட்டீர்களா? ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு நம்பர். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் குடும்பத் திட்டத்தில் இரண்டு இணைப்பு சேர்ப்பதற்கோ, இருவருக்கும் குறைந்த விலை பிரீபெய்டு சிம் வாங்குவதற்கோ ஆகும் மாதச் செலவு, குடும்பத்தோடு ஒரு முறை வெளியில் சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும். அப்பா அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் நம்பரை உங்கள் போனில் பெயரோடு பதிந்து வையுங்கள், மூன்றாம் தடவைவரை காத்திருக்க வேண்டாம்.

இனி, கிளம்பும் முன் செய்ய வேண்டியவை.

பழைய பட்டன் போனை நம்பிப் போகாதீர்கள். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 2022-லேயே 3ஜி சேவையை மூடிவிட்டன. 4ஜியில் குரல் அழைப்பு, அதாவது வோல்ட்டி, வேலை செய்யும் போன் வேண்டும். எந்தக் கம்பெனி சிம்மையும் ஏற்கும் போனா, அங்குள்ள அலைவரிசைக்குப் பொருந்துமா என்று மகனிடம் மாடல் பெயரைச் சொல்லி முன்பே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிம் போடும் வசதி இருந்தால் உத்தமம். ஒன்றில் நம் ஊர் நம்பர், இன்னொன்றில் அங்குள்ள நம்பர்.

நம் ஊர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். பெரிய தவறு. வங்கியின் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். ஜீவன் பிரமாண் கொடுக்கும்போதும் மொபைலுக்கு ஓ.டி.பி. வருகிறது. சிம் போனுக்குள்ளேயே இருக்கட்டும். இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கே இருக்கும்போதே இயக்கச் சொல்லி, எஸ்.எம்.எஸ். வருவதற்குக் கட்டணம் உண்டா, என்ன பேக் வேண்டும் என்று உங்கள் கம்பெனியில் கேளுங்கள். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். அதைத் திறந்து வைத்தால்தான் பில் எகிறும். ஊர் நம்பரில் வரும் அழைப்பை எடுத்தாலும் காசு போகும் என்பதால், அதையும் எடுக்காமல் வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லலாம்.

இன்னொரு கணக்கு. விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்குப் பொதுவாக 6 மாதம் தங்க அனுமதி கிடைக்கிறது. பிரீபெய்டு நம்பரை 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் விட்டால் கம்பெனி அதைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் காப்பாற்றிக்கொள்ள விதி இருக்கிறது. துண்டிக்கப்பட்ட நம்பர் கொஞ்ச நாளில் வேறொருவருக்குப் போகும். உங்கள் வங்கி விவரம் அவர் போனில் மணி அடிக்கும். ஆகவே திரும்பி வரும் தேதிவரை ரீசார்ஜ் செய்துவிட்டே விமானம் ஏறுங்கள்.

அங்குள்ள சிம்மைப் போட்டதும், நம்பரை மாற்றட்டுமா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே அது ஓடும். ஆனால் வாட்ஸ்அப்பை வைத்து அவசர உதவியைக் கூப்பிட முடியாது. அதற்குப் போனில் நேராக 911 அழுத்த வேண்டும். திட்டம் எதுவும் இல்லாத போனிலிருந்தும், சிக்னல் இருந்தால், 911 போகும். ஆனால் இணைப்பு அறுந்தால் அவர்களால் உங்களைத் திரும்பக் கூப்பிட முடியாது. சொந்த நம்பர் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

911-ல் பேசும்போது முதலில் விலாசத்தைச் சொல்லுங்கள், பிறகு என்ன நடந்தது என்பதை. விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள், போன் உறைக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கட்டும். ஆங்கிலம் தடுமாறினால் "டமில்" என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள், பல மையங்களில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்கும் வசதி இருக்கிறது. தெரியாமல் அழுத்திவிட்டால் பயந்து துண்டிக்காதீர்கள், தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வையுங்கள். வேறு நாடு என்றால் நம்பரும் வேறு. இங்கிலாந்தில் 999, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111, ஐரோப்பிய நாடுகளில் 112. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, போலீஸுக்கு 999. துபாய் போகிறவர்கள், அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், குரல் அழைப்புக்குத் தடை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு "பையன் பாத்துப்பான்" என்று மறுபடி சொல்லாதீர்கள். பையன் நல்லவன்தான். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் மனைவிக்கு மயக்கம் வரும்போது அவன் நாற்பது மைல் தள்ளி ஒரு மீட்டிங்கில் இருப்பான். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கப் போவது நீங்கள் இருவர் மட்டும்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் மனைவியிடம் அவர் போனைக் கொடுத்துத் தெருமுனைக்கு அனுப்புங்கள். அங்கிருந்து அவர் தானாகவே உங்களைக் கூப்பிட வேண்டும், தான் நிற்கும் இடத்தை மேப்பில் உங்களுக்கு அனுப்ப வேண்டும். பிறகு நீங்கள் போய் நின்று அதையே செய்யுங்கள். தடுமாறினால் பரவாயில்லை, பக்கத்து வீட்டுக் காலேஜ் பிள்ளை பத்து நிமிடத்தில் சொல்லித்தரும். இருவருக்கும் அது கைக்கு வந்த பிறகு பெட்டியைக் கட்டுங்கள்.